நாலு தேசிக்காயும் நாலு இலக்கமும்

புது வாகனம் எடுத்தால் எங்கட ஊரில் முதல் வேலை அதைக் கோயிலுக்குக் கொண்டு போறதுதான். ஐயர் பூசை செய்து, சந்தனப் பொட்டு வைத்து, நாலு ரயருக்கும் கீழே நாலு தேசிக்காய் வைப்பார். அதை நசுக்கிக்கொண்டு வெளிக்கிட்டால் கண்ணூறு கழிஞ்சுது, விபத்தும் வராது. நம்பிக்கை அவரவர் விருப்பம், அதோட எனக்குச் சண்டை இல்லை. என்ர சண்டை வேற. தேசிக்காய் வைக்கக் குனிகிற அந்த நேரத்தில், ஒரு சாண் மேலே, அதே ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் பொறித்திருக்கும். அதை ஒருத்தரும் வாசிக்கிறதில்லை.

டிஓடி என்ற மூன்று எழுத்தோட தொடங்குகிற நீளமான குறியீடு ஒன்று ரயரில் இருக்கும். அதன் கடைசி நாலு இலக்கம்தான் ரயரின் பிறந்த திகதி. முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருடம். 3112 என்றால் 2012ஆம் ஆண்டின் 31ஆவது கிழமை. 2000ஆம் ஆண்டிலிருந்து இதுதான் முறை. இதை வாசிக்கப் பட்டம் தேவையில்லை, குனிந்தால் காணும்.

இந்தக் கட்டுரை ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற, அல்லது ஒருநாள் வைத்திருக்க வேணும் என்று கனவு காண்கிற எங்கட வயதுப் பெடியளுக்கும் பெட்டையளுக்கும். நான் சொல்ல வாறது ஒன்றுதான். ரயர் மாற்றும்போது நாங்கள் வடிவைப் பார்க்கிறம், அகலத்தைப் பார்க்கிறம், ‘ஜப்பான்’ என்ற சொல்லைப் பார்க்கிறம். பார்க்க வேண்டியது வயதையும் வகையையும். பழைய ரயரைப் பூட்டின ஸ்போர்ட்ஸ் காரை ஓடுறது கெட்டித்தனம் இல்லை. அது றோட்டில் போற மற்றச் சனத்தின் உயிரில் செய்கிற சிக்கனம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நானும் அந்தச் சிக்கனத்தில் பங்கு போட்டவன். அதைச் சொல்லிவிட்டுத் தொடருவம்.

என்ர மச்சான் ஒருத்தன் பழைய ஹொண்டா சீஆர்-இசட் ஒன்று வாங்கினான். இரண்டு கதவு, பதிந்த உடம்பு, ஆறு கியர். ‘ஹைபிரிட் எல்லாம் ஸ்போர்ட்ஸ் காரோ’ என்று சிரிக்கிறவை சிரிக்கட்டும், அந்தக் காரில் ஒரு வளைவை எடுத்துப் பார்த்தவைக்குத் தெரியும். வாங்கின கையோடு சைலன்சர் மாற்றினான், பின்னுக்கு ஸ்பொய்லர் போட்டான், பதினாறு அங்குல றிம்மைக் கழற்றிப் பதினேழு அங்குலம் போட்டான். அதுக்குள் காசு முடிஞ்சுது. ரயருக்கு மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். இரண்டு பேருமாக யூஸ்ட் ரயர் கடைக்குப் போனம். ரயர்களுக்குக் கறுப்புப் பொலிஷ் பூசி மினுங்க மினுங்க அடுக்கி வைத்திருந்தார்கள்.

‘ஜப்பான் சாமான் தம்பி. புதுசா வாற சைனா ரயரை விட இது பத்து மடங்கு திறம். பாருங்கோ, கொஞ்சமும் தேயேல்லை’ என்றார் கடைக்காரர். உண்மைதான், தேயவில்லை. மச்சான் என்னைப் பார்த்தான். ‘எடுப்பம்டா’ என்று சொன்னது நான்.

2024 கார்த்திகை. முறிகண்டியில் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, தேத்தண்ணி குடித்துவிட்டு மாங்குளம் பக்கமாக வெளிக்கிட்டம். மாரி மழை. ஏ-9 காப்பெற் றோட்டில் சில இடங்களில் தண்ணி படலமாக நிற்கும். எழுபதுக்கு மேலே போகக் கூடாத இடத்தில் எண்பது அளவில் போனம். அதையும் ஒளிக்கத் தேவையில்லை. ஒரு இடத்தில் ஸ்டியரிங் திடீரென்று இலேசானது. மச்சான் பிறேக்கில் கால் வைத்தான். காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, எதிர்ப்பக்கப் பாதையைக் கடந்து, றோட்டுக்கரைத் தேத்தண்ணிக் கடை ஒன்றின் முன்னால் சாத்தியிருந்த சைக்கிளை நசுக்கிக்கொண்டு நின்றது.

சைக்கிளில் ஆள் இல்லை. ஆள் கடைக்குள் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது தாண்டின ஐயா. வெளியில் ஓடி வந்து தன்ர சைக்கிளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ‘தம்பிமார், காயம் கீயம் இருக்கோ?’ என்று கேட்டார். எனக்குக் காறை எலும்பு உடைந்திருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போனது வலியினால் இல்லை. அவர் இன்னும் இரண்டு மிடறு குறைத்துக் குடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அடுத்த நாள்தான் அந்த ரயரின் இலக்கத்தை வாசித்தம். 3112. அந்த ரயர் வார்க்கப்பட்ட கிழமையில் நான் ஏழாம் வகுப்பு.

‘தேயேல்லைத்தானே, பிறகென்ன?’ இதுதான் முதல் வாதம். எல்லா யூஸ்ட் ரயர் வியாபாரமும் இந்த வாதத்தில்தான் நிற்குது. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் உராய்வுப் பாடத்தில் ரயரின் தவாளிப்பைப் பற்றிப் படித்திருக்கிறம். அதனால் தவாளிப்பு இருந்தால் எல்லாம் இருக்கு என்று நினைக்கிறம். தவாளிப்பின் வேலை தண்ணியை வெளியேற்றுவது. றோட்டைப் பிடிக்கிற வேலை இறப்பரின் வேலை. மென்மையான இறப்பர், றோட்டின் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களுக்குள் அமிழ்ந்து எழும்புகிறது. பிடி என்பது அதுதான். வெயிலும் ஒட்சிசனும் ஓசோனும் இறப்பரை வருடக்கணக்காகத் தின்னுகின்றன. அதைத் தடுக்க ரயருக்குள் சில இரசாயனங்கள் கலந்திருக்கும். ரயர் உருண்டு வளைந்து கொடுக்கும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வரும். ஓடாமல் கிடக்கிற ரயருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. ஆகவே ‘ஓடாத ரயர், புதுசு மாதிரி’ என்பது ஆறுதல் இல்லை. ஓடாமல் பன்னிரண்டு வருடம் கிடந்த ரயர் தேயாமல்தான் இருக்கும். இறுகியும் இருக்கும்.

எத்தனை வருடம் பாவிக்கலாம்? பல கார்க் கம்பனிகள் ஆறு வருடத்தோடு மாற்றச் சொல்கின்றன. மிச்சலின், கொன்டினென்டல் போன்ற ரயர்க் கம்பனிகளே பத்து வருடத்துக்கு மேலே எவ்வளவு வடிவாக இருந்தாலும் கழற்றச் சொல்கின்றன. இவை பனியும் குளிரும் உள்ள நாடுகளையும் சேர்த்துச் சொல்லப்படுகிற கணக்கு. சித்திரை வெயிலில் தார் உருகுகிற எங்கட றோட்டுக்கு ஆறே கூட என்பது என் எண்ணம்.

ஜப்பான்காரன் அந்த ரயரைக் கழற்றினதுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்தானே? இந்தக் கேள்வியை ஏன் நாங்கள் கேட்கிறதில்லை? ஜப்பான் சாமான் மேலே எங்களுக்கு ஒரு பக்தி இருக்கு. தையல் மெசினில் தொடங்கி வான் வரைக்கும் அந்தப் பக்தி நியாயமாகத்தான் வளர்ந்தது. இரும்புக்கு அது பொருந்தும். இறப்பர் பாண் மாதிரி. எந்தப் பேக்கரியில் சுட்டது என்பதை விட எப்ப சுட்டது என்பதுதான் முக்கியம்.

இதில் இன்னொரு கண்ணி. ஜப்பானில் பனி விழுகிற பகுதிகளில் மாரிக்கு என்று தனி ரயர் பூட்டுவார்கள். ‘ஸ்டட்லெஸ்’ என்று பேர். உறைபனியிலும் இறுகாமல் இருக்க அதன் இறப்பரை மிக மென்மையாகச் செய்வார்கள். முப்பத்து மூன்று பாகை வெயிலில் அது கொழகொழவென்று ஆடும், வளைவில் நெளியும், ஈர றோட்டில் பிறேக் பிடிக்கிற தூரம் கூடும். பக்கச் சுவரில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதுக்குள் ஒரு பனிப்பூவும் வரைந்திருந்தால், அல்லது ஸ்டட்லெஸ் என்று எழுதியிருந்தால், அது எங்கட நாட்டுக்குச் செய்த ரயர் இல்லை. எவ்வளவு தவாளிப்பு இருந்தாலும், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது வாதம் அகலம். ‘அகலம் கூடினால் பிடி கூடும்.’ காய்ந்த பந்தயப் பாதையில், அதுக்கு ஏற்ற றிம், அதுக்கு ஏற்ற காற்று, அதுக்கு ஏற்ற இறப்பர் இருந்தால், ஓரளவு உண்மை. எங்கட றோட்டில் பெரும்பாலும் அது போட்டோவுக்குத்தான். 1989இல் வந்த முதலாவது மஸ்டா எம்எக்ஸ்-5, உலகம் முழுக்கக் கொண்டாடின ஸ்போர்ட்ஸ் கார், வந்தது 185/60R14 ரயரோட. இண்டைக்கு அந்த அளவைக் குடும்பக் காருக்குப் போட்டால்கூட நாங்கள் முகம் சுளிப்பம். 2012இல் டொயோட்டா 86 வந்தபோது அதில் பூட்டியிருந்தது 215/45R17 அளவில் மிச்சலின் பிரைமசி எச்பி. பந்தய ரயரே இல்லை, சாதாரண பயணக் கார்களுக்குப் போடுகிற வகை. காசு இல்லாமல் அப்படிச் செய்யவில்லை. அளவான பிடியோடு, அளவான வேகத்திலேயே ஓட்டுகிறவருக்குக் காரின் அசைவு தெரிய வேணும் என்று யோசித்துச் செய்தார்கள். ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தவனுக்குத் தெரிந்தது, அதுக்கு ஸ்ரிக்கர் ஒட்டுகிறவனுக்குத் தெரியவில்லை.

மச்சானின் காரையே கணக்குப் பார்ப்பம். கம்பனி கொடுத்த அளவு 195/55R16. அகலம் 195 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 55 வீதம், அதாவது கிட்டத்தட்ட 107 மில்லிமீற்றர். அவன் போட்டது 205/40R17. பக்கச் சுவர் 82 மில்லிமீற்றர். ரயரின் முழு விட்டம் 621இல் இருந்து 596க்கு இறங்கிவிட்டது, நாலு வீதக் குறைவு. ஸ்பீடோமீற்றர் உண்மையை விடக் கூட்டிக் காட்டும், கார் நிலத்தோடு இன்னும் பதியும், பள்ளத்தில் விழுந்தால் அடியை வாங்க இறப்பர் இல்லை, றிம்தான் வாங்கும். பதினேழு அங்குலம்தான் வேணும் என்றால் 215/45R17 விட்டத்தில் கிட்டத்தட்டச் சரியாக வந்திருக்கும். அந்தக் கணக்கை ஒருத்தரும் போடவில்லை. கடைக்காரர் ‘பூட்டலாம்’ என்றார். பூட்டுப்படுகிறதெல்லாம் பொருந்துகிறது இல்லை.

அளவுக்குப் பின்னால் வருகிற எண்ணும் எழுத்தும் இன்னும் முக்கியம். 87V என்று இருந்தால், 87 என்பது ஒரு ரயர் தாங்கக்கூடிய பாரத்தின் குறியீடு, 545 கிலோ. V என்பது தாங்கக்கூடிய உச்ச வேகம், மணிக்கு 240 கிலோமீற்றர். H என்றால் 210, T என்றால் 190, W என்றால் 270. ‘நாங்கள் என்ன 240இலேயே போறம்?’ என்று கேட்பீர்கள். போக வேண்டாம், போகவும் கூடாது. அந்த எழுத்து சொல்வது ரயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதை. நாலு பேர் ஏறி, பின்னுக்குச் சாமான் ஏற்றி, மத்தியான வெயிலில் நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது அந்தத் தாங்குதிறன்தான் ரயரை வெடிக்காமல் வைத்திருக்கும். காரோடு வந்த அளவை விட இந்த எண்ணும் எழுத்தும் குறையக் கூடாது. கூடினால் பரவாயில்லை.

மூன்றாவது வாதம்: ‘நான் ஓடுற வேகத்துக்கு இது காணும்.’ ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினவன் இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் இந்த வாதத்தைச் சிரித்துத் தள்ள ஏலாது, ஏனெண்டால் மழை வேகத்தைக் கேட்டுப் பெய்கிறதில்லை. ரயர் தண்ணிக்கு மேலே மிதக்கத் தொடங்குகிற வேகத்தை 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். கணக்கு எளிது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் வேகம் நொட் அளவில் வரும். 32 இறாத்தல் காற்றுக்கு அது கிட்டத்தட்ட மணிக்கு 94 கிலோமீற்றர். 25க்குக் குறைந்தால் 83. தவாளிப்பு வெளியேற்றக் கூடியதை விடக் கூடத் தண்ணி நிற்கும்போது பொருந்துகிற கணக்கு இது, காருக்கு அண்ணளவானது, ரயர் அகலமானால் இன்னும் முந்தியே மிதக்கலாம். விபத்துக்குப் பிறகு அளந்தபோது எங்கட ரயர்களில் காற்று 25தான் இருந்தது. நாங்கள் போனது எண்பது. நான் விதியைத் தேடவில்லை, எண்கள் எல்லாம் அந்த றோட்டிலேயே ஒன்றுக்கு ஒன்று பக்கத்தில் கிடந்தன.

வேகமும் பழைய ரயரும் சேர்ந்தால் என்ன என்பதுக்கு உலகத்துக்கே தெரிந்த உதாரணம் ஒன்று இருக்கு. எங்கட ஊர் ஓட்டோவின் பின்கண்ணாடியில்கூட ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும். அந்தப் படங்களின் நடிகர் போல் வோக்கர் 2013 நவம்பர் 30ஆம் திகதி கலிபோர்னியாவில் இறந்தார். நண்பர் ஓட்டின போர்ஷே கரேரா ஜிடியில் பக்கத்தில் இருந்தார். விசாரணை முடிவு 2014இல் வந்தது. வேகம் மணிக்கு 80 தொடக்கம் 93 மைல், அனுமதிக்கப்பட்டது 45. காரணம் வேகம் என்று சொன்னார்கள். அதோடு சேர்த்து, ரயர்களுக்கு ஒன்பது வயது, அது காரின் கையாளுகையைப் பாதித்திருக்கக்கூடும் என்றும் சொன்னார்கள். கோடிக்கணக்கில் விலை போகிற கார், ரயர் ஒன்பது வயது. ஸ்ரிக்கரை எல்லாரும் ஒட்டினம், இந்தப் பாடத்தை ஒருத்தரும் எடுக்கவில்லை.

நாலாவது வாதம்தான் உண்மையில் கனமானது. ‘காசு இல்லை.’ இதுக்கு நான் கவனமாகப் பதில் சொல்ல வேணும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்தார்கள். அந்த இடைக்காலத்தில் நாட்டில் இருந்த கார் எல்லாம் கிழடாகின. ரயருக்கும் தட்டுப்பாடு, ரூபாயும் விழுந்தது. ஓட்டோ ஓடிப் பிள்ளை படிப்பிக்கிற அண்ணை ரீபில்ட் ரயர் போட்டால், மரக்கறி ஏற்றுகிற ஐயா யூஸ்ட் ரயர் போட்டால், அவையிட்ட இந்தக் கட்டுரையைக் கொண்டு போய் நீட்ட எனக்கு மனம் வராது. அது வறுமை. அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது வரி போடுகிறவர்கள்.

ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவனுக்கு அந்தச் சாட்டு இல்லை. சைலன்சருக்குக் காசு இருந்தது. ஸ்பொய்லருக்கு இருந்தது. கழற்றத் தேவையில்லாத றிம்மைக் கழற்றிப் புது றிம் போட இருந்தது. கனடாவிலிருந்து மாமா அனுப்பின காசில் பாட்டுப்பெட்டிக்கும் இருந்தது. ரயருக்கு வந்தபோதுதான் நாங்கள் ஏழைகளானம். கார் ஓடும்போது நிலத்தைத் தொடுகிறது நாலே நாலு உள்ளங்கை அளவு இறப்பர். மிச்சம் எல்லாம் அதுக்கு மேலே ஏறி இருக்கிற பாரம். எஞ்சினின் பலம், பிறேக்கின் பலம், ஓட்டுகிறவனின் கெட்டித்தனம் எல்லாம் அந்த நாலு உள்ளங்கை வழியாகத்தான் றோட்டுக்கு இறங்க வேணும். அதுக்குக் காசு இல்லை என்றால் அந்தக் காருக்கே காசு இல்லை என்றுதான் அர்த்தம். கொஞ்ச நாள் பொறுத்து வாங்கலாம், ஒருத்தரும் குறை நினைக்கமாட்டினம்.

‘உனக்கு ஏன் ஸ்போர்ட்ஸ் கார்?’ என்று கேட்கிற பெரியாக்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஆசையில் பிழை இல்லை. ஒரு இயந்திரத்தைக் காதலிக்கிறது கெட்ட பழக்கம் இல்லை. காதலிக்கிறம் என்று சொல்லிக்கொண்டு அதுக்குச் செருப்புக் குப்பைமேட்டில் பொறுக்கிக் கொடுக்கிறதுதான் பிழை.

இந்த இடத்தில் எனக்கு இன்னொரு வெக்கமும் இருக்கு. இது இறப்பர் விளைகிற நாடு. 1876இல் தென்னமெரிக்க இறப்பர் விதையிலிருந்து வந்த கன்றுகளைக் கம்பகாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொட தோட்டத்தில் நட்டார்கள். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் களுத்துறையிலும் விடியமுதல் எழும்பிப் பால் வெட்டுகிற மலையகத் தமிழ்ச் சனம் இண்டைக்கும் இருக்கினம். பாரம் தூக்குகிற ஃபோர்க்லிப்ட் வண்டிகளுக்குப் போடுகிற திண்ம ரயர் இந்த நாட்டிலிருந்து உலகம் முழுக்கப் போகுது. களனியில் காருக்கான ரேடியல் ரயர் செய்கிறார்கள். அந்த நாட்டில் இருந்துகொண்டு, வேற நாட்டில் காலம் முடிந்து கழற்றின ரயரை ‘பத்து மடங்கு திறம்’ என்று தோளில் தூக்கிக்கொண்டு வாறம். உள்ளூர் ரயர்தான் போட வேணும் என்று நான் சொல்லவில்லை, உங்கட அளவும் வேகக் குறியீடும் எதில் கிடைக்குதோ அதைப் போடுங்கோ. பழசைப் புதுசை விட உயர்த்திப் பேசுகிற பழக்கத்தை மட்டும் விடுவம்.

அரசாங்கமும் தப்ப ஏலாது. வருசா வருசம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் போனால் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள், காப்புறுதி கேட்கிறார்கள். நல்லது. தனியார் காரின் ரயர் எந்த வருடம் செய்தது என்று கேட்க ஒருத்தரும் இல்லை. புகை எவ்வளவு என்று மெசின் வைத்துப் பார்க்கிற இடத்திலேயே நாலு இலக்கத்தை வாசிக்க ஒரு நிமிசம் போதும். யூஸ்ட் ரயர் விற்கிறவர் உற்பத்தி வருடத்தைப் பற்றுச்சீட்டில் எழுதித்தர வேணும் என்று ஒரு வரி சட்டம் போட்டாலே பாதிக் கடையில் பொலிஷ் காய்ந்துபோகும்.

சட்டம் வரும்வரை நாங்கள் என்ன செய்யிறது? நான் உடைந்த எலும்போடு இருந்த ஆறு கிழமையில் படித்துத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லுறன்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். ரயரின் அளவும் காற்றின் அளவும் அதில் எழுதியிருக்கும். கடைக்காரரிடம் கேட்க முதல் அதை வாசியுங்கோ. காரோடு வந்த றிம்மை வைத்திருங்கோ. சின்ன றிம்முக்குப் புது ரயர் மலிவு, அந்த மிச்சக் காசில் ஒரு படி நல்ல ரயர் எடுக்கலாம். பெரிய றிம்மில் பழைய பேர்போன ரயரை விட, சின்ன றிம்மில் இடைத்தரப் புது ரயர் ஆயிரம் மடங்கு மேல்.

புது ரயர் என்றாலும் நாலு இலக்கத்தை வாசிக்காமல் பூட்ட விடாதேங்கோ. கடையில் வருடக்கணக்காகக் கிடந்த ‘புதுசு’ம் இருக்கு.

வகையில் ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் தேய்மானத்துக்கு ஒரு எண், பிடிக்கு ஒரு எழுத்து, சூட்டுக்கு ஒரு எழுத்து என்று மூன்று தரம் போட்டிருக்கலாம். பிடியின் எழுத்து ஈர றோட்டில் பிறேக் பிடித்துப் பார்த்து இடுகிறது. AA திறம், A நல்லது, அதுக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் காருக்கு வேண்டாம். தேய்மான எண் 200, அதுக்கும் குறைவு என்றால் பெரும்பாலும் பந்தயப் பாதையை நினைத்துச் செய்தது. காய்ந்த றோட்டில் பசை மாதிரி ஒட்டும், தவாளிப்புக் குறைவு, மாரி மழையில் பயம். றோட்டுக்கு 300ஐ ஒட்டிய ஸ்போர்ட்ஸ் ரயர் போதும். ஐரோப்பிய லேபிள் ஒட்டியிருந்தால் மழைத்துளி போட்ட எழுத்தைப் பாருங்கோ, A தொடக்கம் E வரை. எங்கட நாட்டில் மற்ற எல்லாத்தையும் விட அந்த எழுத்துக்குத்தான் காசு கொடுக்க வேணும்.

நாலும் ஒரே இனம், ஒரே வகை. இரண்டுக்குத்தான் காசு இருக்கு என்றால் புதுசு இரண்டையும் பின்னுக்குப் பூட்டுங்கோ. முன்சக்கரம் இழுக்கிற கார் என்றாலும் பின்னுக்குத்தான். எல்லாரும் மாறித்தான் சொல்லுவினம். முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்பும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும், பழகாதவனால் அதைத் திருப்ப ஏலாது. நாங்கள் சுழன்றது அப்படித்தான்.

தவாளிப்புக்குள் சின்னச் சின்ன மேடு இருக்கும். 1.6 மில்லிமீற்றரில் ரயர் அந்த மேட்டோடு சமமாகிவிடும். அதுவரை காத்திருக்காதேங்கோ, மூன்று மில்லிமீற்றரிலேயே மாரிக்கு முதல் மாற்றுங்கோ. மாதத்துக்கு ஒருக்கால், கார் ஓடாமல் ஆறியிருக்கும்போது காற்றைப் பாருங்கோ. இதுக்கு ஒரு சதமும் செலவில்லை.

விபத்துக்குப் பிறகு அந்த ஐயாவுக்குப் புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தம். அதின் விலை ஒரு நல்ல புது ரயரின் விலைக்குக் கிட்ட வந்தது. பதினேழு அங்குல றிம்மை மச்சான் விற்றான், பழைய பதினாறைத் தேடி எடுத்துப் புது ரயர் போட்டான். ஒரு ரயர் அந்த அடியில் கிழிந்திருந்தது. மிச்சம் மூன்றையும் திருப்பி எடுக்க அந்த யூஸ்ட் கடைக்காரர் சம்மதித்தார், காசும் சொன்னார். மச்சான் கொடுக்கத்தான் பார்த்தான். இரண்டு பேரும் சண்டை பிடித்தம். கொடுத்திருந்தால் அண்டு பின்னேரமே பொலிஷ் பூசி அடுக்கியிருப்பார்கள். எங்களை மாதிரி இரண்டு பேர் வந்து, ஒருத்தன் மற்றவனைப் பார்த்து ‘எடுப்பம்டா’ என்றிருப்பான்.

மூன்றின் பக்கச் சுவரையும் கிரைண்டரால் வெட்டினம். மழைத்தண்ணி நின்று நுளம்பு பெருகக் கூடாது என்று அடியில் ஓட்டையும் போட்டு, வீட்டுக்குப் பின்னால் கத்தரிக் கன்றுகளுக்கு மண் அணைக்க வைத்திருக்கிறம். ஒன்றில் 3112 இன்னும் தெளிவாகத் தெரியும்.

உங்கட காரின் இலக்கம் என்ன? வெளிப்பக்கத்தில் காணவில்லை என்றால் உள்பக்கம் இருக்கும். போனின் வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு கீழே படுத்துப் பார்க்க வேண்டி வரும். உடுப்பில் கொஞ்சம் ஊத்தை பிரளும். பரவாயில்லை, இண்டைக்கே பாருங்கோ. கார்த்திகைக்குக் கன நாள் இல்லை.